கைப்பிடிக்குள் இருந்த எண்

அப்பாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள் அவருடைய ரிவால்வரைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். லைசென்ஸ் அப்பா பேரில் இருந்தது. அவர் போன பிறகு அதை வீட்டில் வைத்திருக்க எங்களுக்கு உரிமை இல்லை. அம்மாவுக்குத்தான் மனசே வரவில்லை. "அப்பா தொடச்சு தொடச்சு வச்சதாக்கும் மக்களே" என்றாள்.

அது ஸ்மித் அண்ட் வெஸன் கே-22 மாஸ்டர்பீஸ். .22 தோட்டா, ஆறு குண்டு, ஆறு அங்குலக் குழல். இலக்கைப் பார்த்துச் சுடும் பயிற்சிக்கும் போட்டிக்கும் என்றே செய்தது. அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் மேனேஜராக இருந்தபோது, ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து 1959இல் வாங்கினார். குறி பார்க்கப் பின்பக்கம் உள்ள பாகத்தின் திருகைத் திருப்பினால் டிக், டிக் என்று படிப்படியாக நகரும். சின்ன வயசில் அந்தச் சத்தம் கேட்கவே அப்பா பக்கத்தில் போய் உட்காருவேன்.

வாரிசுக்கு லைசென்ஸ் கொடுக்க 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. வாரிசு சான்றிதழ், அம்மாவும் தங்கச்சியும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிய பத்திரம், மருத்துவச் சான்று, பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி எல்லாவற்றையும் சேர்த்து நாகர்கோவிலில் மனு கொடுத்தேன். அதுவரை சிரமம் ஒன்றும் இல்லை. லைசென்ஸ்காரர் 70 வயது தாண்டினாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற அதே விதிகள் இடம் கொடுக்கின்றன. அப்பாவுக்கு இரண்டுமே பொருந்தியது. அப்போதே செய்திருந்தால், பின்னால் வந்த கேள்விக்கு அவரே பதில் சொல்லியிருப்பார்.

சரிபார்க்கும்போது ஆர்மரர், அதாவது போலீஸில் துப்பாக்கிகளைப் பரிசோதிப்பவர், குழலின் அடிப்பகுதியைப் பார்த்தார். அங்கே 'கே' என்று தொடங்கும் ஒரு எண். லைசென்ஸ் புத்தகத்தில் இருந்ததோ வெறும் ஐந்து இலக்க எண். "புத்தகத்துல உள்ள துப்பாக்கி இது இல்லியே சார்" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. எண் மாறினால் துப்பாக்கியே மாறியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் சந்தேகப்பட்டதில் தப்பு இல்லை.

அன்று ராத்திரி முதல் இந்த ரிவால்வரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் இதைச் சேகரிப்பவர்கள் திருகு எண்ணியே காலம் சொல்கிறார்கள். பக்கத் தகட்டில் நான்கு, விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு முன்னால் ஒன்று என ஐந்து திருகு இருந்தால் பழையது. தகட்டின் மேல் திருகு 1955 வாக்கில் போய்விட்டது. வளையத்தின் முன் திருகு 1961 வாக்கில் போனது. துப்பாக்கி உடம்பின் வலப்பக்கம் பொறித்த கம்பெனி முகவரி ஒரே வரியில் இருந்தால் இரண்டாம் உலகப் போர் முடிந்த முதல் ஓரிரு வருஷம், நான்கு வரியில் இருந்தால் 1948க்குப் பிறகு. 1957இல் பெயருக்குப் பதில் மாடல் எண் வந்தது. கே-22 மாஸ்டர்பீஸ் அப்போதுதான் மாடல் 17 ஆனது. நம் நாட்டில் ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். அவர்களைப்போல் வரிசையாக அடுக்கி வைக்க முடியாது. ஆனால் கையில் உள்ள ஒன்றைச் சரியாகப் படிக்க இந்த அறிவு போதும்.

எங்களுடையதில் ஐந்து திருகு, நான்கு வரி முகவரி. அப்படியானால் 1948க்கும் 1955க்கும் நடுவில் செய்தது. சிலிண்டரைத் தாங்கி வெளியே மடங்கும் கை ஒன்று உண்டு. அது மூடி உட்காரும் பள்ளத்திலும் அந்தக் கையிலும் ஒரே ஐந்து இலக்க எண். புத்தகத்தில் இருந்த எண் அதுதான்! தொழிற்சாலையில் உருப்படிகள் கலந்துவிடாமல் இருக்கப் போடும் எண் அது. துப்பாக்கியின் எண் அது இல்லை.

சரி, அசல் எண்ணை ஏன் எழுதவில்லை? அது பிடியின் அடிமட்டத்தில் இருக்கும். துரை மாட்டியிருந்தது போட்டிக்கான பெரிய மரப் பிடி. அது அடியை முழுக்க மூடிவிடும். எழுதியவர் சிலிண்டரைத் திறந்து, கண்ணில் பட்ட எண்ணை எழுதிவிட்டார். ஒவ்வொரு புதுப்பித்தலிலும் அதே எண் நகல் ஆகிக்கொண்டே வந்தது. தேர்தல் நேரத்தில் ஒப்படைத்த ரசீதுகளிலும் அதேதான்.

மறுபடி மனு எழுதினேன். ஆர்மரர் என் முன்னால் பிடியைக் கழற்றினார். அடியில் கே எண். சிலிண்டரின் பின்முகத்திலும் குழலின் அடியிலும் அதே எண். புத்தகத்தில் உள்ள எண்ணும் அதே உடம்பில் இருப்பதால் இது வேறு துப்பாக்கி இல்லை என்றும் ஆயிற்று. அவர் இரண்டு எண்களையும் இருக்குமிடத்தோடு அறிக்கையில் எழுதினார். பொறுமையான மனிதர், அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்பாவின் அலமாரியில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பழைய சின்னப் பிடி கிடைத்தது. வலப்பக்க மரத்தின் உட்புறத்தில் அதே கே எண். அதையும் கொண்டுபோய்க் காட்டினேன்.

எட்டு மாதம் ஆனது. புதுப் புத்தகம் என் பேரில் வந்தது, சரியான எண்ணோடு, ஐந்து வருஷத்துக்கு.

துப்பாக்கியைத் திரும்ப வாங்கியபோது சிலிண்டரில் பழுப்புப் புள்ளிகள். தோல் உறையோடு ஒப்படைத்தது என் தப்பு. நம்ம ஊர் இரண்டு மழைக்காலத்து ஈரத்தையும் தோல் இழுத்து வைத்துக்கொள்ளும். மூன்று நாள் எண்ணெய் போட்டு, பழைய பனியன் துணியால் துடைத்தேன். இரும்பின் நீல நிறம் முக்கால்வாசி தப்பித்தது. அப்புறம் பெரிய பிடியை டின்னில் வைத்துவிட்டு, சின்னப் பிடியை மாட்டினேன். அது அடியை மூடாது. திருப்பிப் பார்த்தால் எண் தெரியும்.