ஞாயித்துக்கிழமை மாத்திரை

ஜூலை 7, ஞாயிறு
ராத்திரி சாப்பிட்டதும் முடக்குவாதத்துக்கு உள்ள மெத்தோட்ரெக்சேட், 7.5 மி.கி. மாத்திரை ரெண்டு. வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான், மறந்து தினம் போட்டுட்டா ரத்த அணுவெல்லாம் கொறஞ்சு உயிருக்கே ஆபத்தாயிரும்னு டாக்டர் சொன்னதுல இருந்து காலண்டர்ல எல்லா ஞாயித்துக்கிழமையும் நீல மையில 'மா'ன்னு எழுதி வச்சிருக்கேன். எதிர்வீட்டு ஆச்சி பாத்துட்டு "வாராவாரம் மாமா வாராவளா"ன்னு கேக்கா.

ஜூலை 8, திங்கள்
மாத்திரை போட்ட மறுநாள் தாளிக்கிற வாசமே ஆகாது, கொமட்டும். புளியரைப் பக்கம் மேகம் எறங்கிக் கெடக்கு, விடியுறதுக்கு முன்னாடியே சாரல். செங்கோட்டைக்கு ஊரே சீசன்னு சந்தோஷப்படுது, எனக்கு விரல் மடங்கல. வெந்நீர்ல கைய முக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன், ஒன்பதரைக்கு மேலதான் ஊசில நூல் கோக்க வந்துச்சு. தேய்மான வலின்னா வேலை செய்யச் செய்யக் கூடும், முடக்குவாதம் தூங்கி எந்திரிச்சதும்தான் கட்டையா நிக்கும், நடமாட நடமாட இளகும். இது தெரியாமத்தான் ரெண்டு வருஷம் வாயு வாயுன்னு ஊசி போட்டுக்கிட்டு அலைஞ்சேன்.

ஜூலை 10, புதன்
இன்னைக்கு வலியே இல்ல!! நாலு பிளவுஸ் வெட்டி, தச்சு, ஹூக்கு காஜா எல்லாம் முடிச்சு, கிரைண்டர்ல மாவாட்டி, அந்தக் கல்லையும் நானே தூக்கிக் கழுவி வச்சேன்.

ஜூலை 11, வியாழன்
நேத்து ஆடுன ஆட்டத்துக்கு இன்னைக்கு வட்டி. மணிக்கட்டு ரெண்டும் பன்னு மாதிரி வீங்கி, தொட்டா சூடா இருக்கு. குக்கர் மூடியத் தெறக்க முடியாம மவன் ஸ்கூல் விட்டு வார வரைக்கும் சோறு உள்ளயே இருந்துச்சு. புனலூர்ல இருந்து அவிய போன்ல "யாரு உன்னைய நாலு தைக்கச் சொன்னா"ன்னு ஏசுதாவ. வலிச்சா சும்மா இருக்கத் தெரியுது, வலிக்காதன்னைக்கு சும்மா இருக்கத்தான் தெரியமாட்டேங்கு.

ஜூலை 14, ஞாயிறு
ஆரியங்காவு மலையேறி ரயில்ல மதினி வந்தா, பதிமூணு கண் பாலத்துல மழையப் போட்டோ எடுத்துட்டு வந்திருக்கா, கூடவே கொட்டஞ்சுக்காதி தைலமும். நல்லவேளை பொடி எதுவும் கொண்டு வரல. போன வருஷம் யாரோ சொன்னாங்கன்னு ஒரு பொடி வாங்கித் தின்னேன், மூணே நாள்ல வலி பறந்துட்டு, ரெண்டு மாசத்துல மூஞ்சி பூசணிக்கா. அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு டாக்டர் சந்தேகப்பட்டாரு, பட்டுனு நிறுத்தவும் கூடாதாம், கொஞ்சங் கொஞ்சமா கொறச்சு விட்டாரு.
தைலம் வெளிய பூசுறதுதானே, அத்தை சூடு காட்டித் தேச்சு விட்டாவ. சொகமா இருந்துச்சு. தூங்குறதுக்கு முன்னாடி ரெண்டு மாத்திரை.

ஜூலை 16, செவ்வாய்
மெத்தோட்ரெக்சேட் படுத்துறது கொறையக் குடுத்த ஃபோலிக் ஆசிட் விட்டமின் மாத்திரை போட்டாச்சு. லிவருக்கும் அணுவுக்கும் டெஸ்ட் பண்ண ரத்தம் குடுத்துட்டு வந்தேன், மூணு மாசத்துக்கு ஒருக்கா உள்ளது. ஹூக்கு கட்டுறத பக்கத்து வீட்டுப் பிள்ளைட்ட விட்டுட்டேன், பிளவுஸுக்கு பத்து ரூவா. கிள்ளிப் பிடிக்கிற வேலைதான் விரலக் கொல்லுது, மோட்டார் மிஷின் ஓட்டுறது அவ்வளவு இல்ல. போன்ல அரைமணிக்கு அலாரம், அடிச்சா எந்திரிச்சிரணும், வலிச்சாலும் வலிக்காட்டியும்.

ஜூலை 19, ஆடி வெள்ளி
ஆவணிக் கல்யாணத்துக்கு ஆறு பிளவுஸ், அடுத்த வாரமே வேணும்னு ஒரு அக்கா துணியோட நிக்காவ. ரெண்டுதான் முடியும்க்கான்னேன். "கை நல்லாத்தானே இருக்கு"ன்னு திருப்பித் திருப்பிப் பாத்தாவ. நாலைத் திருப்பி எடுத்துட்டுப் போய்ட்டாவ, அது ஒரு மாதிரியாத்தான் இருக்கு.
காலைல கோலமாவு விரலிடுக்குல நிக்கல, ஏழு புள்ளின்னு ஆரம்பிச்சது நாலு புள்ளியில முடிஞ்சிட்டு. கோடு நடுங்கிப்போய் கெடந்துச்சு, அத்தை ஒண்ணும் சொல்லல, செம்மண்ண எடுத்து சுத்திக் காவி போட்டுட்டு உள்ள போய்ட்டாவ.