குத்தூசி

மார்ச் 3, திங்கள்
ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குக் கூப்பிட்டு டப்பாவைக் காட்டினார்கள். அப்பாவின் ப்ராஸ்டேட் சுரப்பி ஃபார்மலினில் கிடந்தது. இத்தனூண்டு. இதற்கா மூணு மாசமாக நான் தூங்கவில்லை? அதை நறுக்கிப் பார்த்து ரிப்போர்ட் வர பத்து நாளாகுமாம்.

மார்ச் 4, செவ்வாய்
அப்பா காபி கேட்டார். இளநீர்தான் கொடுத்தார்கள்.

மார்ச் 6, வியாழன்
மணி மூணு. அப்பா தூங்குகிறார், யூரின் பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் பயாப்ஸிக்காக 12 இடத்தில் ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். 2 இடத்தில் புற்று, க்ளீசன் 3+3. க்ளீசன் என்பது புற்று எவ்வளவு தீவிரம் என்று சொல்லும் கிரேடு, எண் ஏறினால் தீவிரமும் ஏறும். ஊசியில் வந்த நூல் நூலான சதையை எல்லாம் சேர்த்தாலும் சுரப்பியில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. ஊசியில் 3+3 என்று வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்காவது, முழுசாக எடுத்து நறுக்கிப் பார்க்கும்போது கிரேடு ஏறிவிடுகிறது. அப்பாவுக்கு பிஎஸ்ஏ, அதாவது ப்ராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை அளவு, 6.8, சுரப்பி 31 மில்லி. வகுத்தால் 0.22. 0.15ஐத் தாண்டினாலே உள்ளே பெரிசாக ஏதாவது ஒளிந்திருக்கலாம் என்று சந்தேகப்படச் சொல்கிறார்கள். சுரப்பி சின்னதாக இருந்தாலும் ஏறுகிற வாய்ப்பு கூடுதல்.

அந்த 0.22ஐப் பிடித்துக்கொண்டு ஆபரேஷன் ஆபரேஷன் என்று நின்றவள் நான். டாக்டர் அவசரமில்லை, கண்காணிப்பிலேயே வைக்கலாம் என்றுதான் சொன்னார். இங்கிலாந்தில் 1,643 பேரை 15 வருஷம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆபரேஷன், ரேடியேஷன், கண்காணிப்பு, எதில் இருந்தவர்களானாலும் இந்தப் புற்றால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். அதையும் படித்துவிட்டுத்தான் நின்றேன்.

3+3 என்றே வந்தால் அப்பாவை வீணாக அறுக்க வைத்திருக்கிறேன். 4 வந்தால் நான் சொன்னது சரி, அப்பாவுக்கு நோய் பெரிசு. மீனாட்சியிடம் எதை வேண்டிக்கொள்வது?

மார்ச் 7, வெள்ளி
கோயிலுக்குப் போனேன். ஒன்றும் வேண்டவில்லை.

மார்ச் 10, திங்கள்
மறுபடியும் வகுத்துப் பார்த்தேன். 0.22.

மார்ச் 11, செவ்வாய்
ட்யூப் எடுத்தாகிவிட்டது. கொஞ்ச நாள் யூரின் கசியும், பயிற்சி செய்தால் சரியாகும் என்றார்கள். சாயங்காலம் பின்கட்டில் அப்பா தன் வேட்டியைத் தானே அலசிக்கொண்டிருந்தார். பார்க்காத மாதிரி மாடிக்கு வந்துவிட்டேன். மற்ற எல்லாவற்றிலும் என்னை உதவ விடுகிற மனுஷர்தான் அவர். இதில் மட்டும் விடவில்லை.

மார்ச் 12, புதன்
3+4ம் 7தான், 4+3ம் 7தான். ஆனால் புற்றில் எந்த ரகம் அதிக இடத்தில் இருக்கிறதோ அதன் எண்தான் முதலில் நிற்கும், 4 முன்னால் நின்றால் கஷ்டம். நாள் பூரா இதே.

ராத்திரி கேட்டே விட்டேன், என்மேல் கோபமாப்பா என்று. முப்பது வருஷம் அரிசி மண்டியில் இருந்தவர். "குத்தூசியில வர்றது அது குத்தின இடத்து அரிசிம்மா. அடியில என்ன கிடக்குன்னு மூட்டையக் கொட்டுனாத்தான் தெரியும். அதான் நானும் சரின்னேன்."

எனக்காகச் சொன்னாரோ என்னவோ.

மார்ச் 13, வியாழன்
ரிப்போர்ட் வந்துவிட்டதாம், வாங்கிக்கொள்ளச் சொல்லி போன். அப்பா சட்டை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். "நானும் வர்றேன்மா, ஆட்டோவைக் கூப்பிடு."