பெயரோடும் பெயரின்றியும்

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் மொட்டைக் கடிதம் எழுதுபவனை யாரும் மதிப்பதில்லை. ஆனால் அக்கடிதத்தைக் கடைசி வரிவரை படிக்காமல் கீழே வைப்பவரும் இல்லை. இணையத்தில் வாதிடுபவர் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று நானும் பல ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தேன். என் எண்ணத்தை அசைத்தவர், தோல் பதனிடும் ஆலையொன்றில் வேலை பார்க்கும் உறவினர். பாலாற்றில் கலக்கும் கழிவுநீரைப் பற்றி ஓய்வுபெற்ற ஆசிரியனான நான் பெயர் போட்டு எழுதினால் இரண்டு வசவுகளோடு போய்விடும். அதையே அவர் எழுதினால் மறுநாள் வேலை இருக்காது. தோல் ஆலைகள் குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கும், தனிமனிதர் ஒருவரின் பெயரில் அல்லாமல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்னும் அமைப்பின் பெயரிலேயே நடந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கினால் வசவு ஒழியும் என்பார்கள். தென் கொரியா 2007-இல் பெரிய இணையதளங்களுக்கு அப்படியொரு சட்டத்தைக் கொண்டுவந்தது. 2011-இல் அங்கே ஏறத்தாழ 3.5 கோடிப் பயனர்களின் விவரங்கள் திருடுபோயின. 2012-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அச்சட்டத்தை ஒருமனதாக நீக்கியது. நம்மிடமோ பெயர் தெரிந்தவுடன் சாதியையும் மதத்தையும் துருவுவார்கள். கருத்து தெருவில் நிற்கும்.

ஆயினும் தனியொருவர்மீது குற்றம் சாட்டுபவர் முகத்தை மறைத்துக்கொள்வதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. உறவினர் இப்போது ஒரே புனைபெயரில் தொடர்ந்து எழுதுகிறார். ஒற்றுப்பிழைகளைக் கொண்டே அவரை அடையாளம் கண்டுகொள்கிறேன், திருத்தத்தான் வழியில்லை.