யூஸ்பேப் வகுப்பெடுக்க நான் பெற்ற தகுதி

நியூஜெர்சியில் பத்து வருடத்துக்கு மேலாக வீட்டு அப்ரைசராக இருக்கிறேன். வங்கி கடன் கொடுக்கும் முன் வீட்டைப் போய்ப் பார்த்து, அளந்து, அக்கம்பக்கத்தில் விலைபோன வீடுகளோடு ஒப்பிட்டு மதிப்பு எழுதிக் கொடுக்கும் வேலை. ஒருநாள் ஒரு பயிற்சி நிறுவனத்திலிருந்து போன் வந்தது. வார இறுதியில் யூஸ்பேப், அதாவது எங்கள் தொழிலின் விதிகளைச் சொல்லித்தரும் வகுப்பு எடுக்க ஆள் வேண்டுமாம். “உங்களிடம்தான் லைசென்ஸ் இருக்கிறதே, அது போதும்” என்றார்கள். நானும் நம்பி இரண்டு வாரம் பாடம் தயாரித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது போதாது என்று. தகுதியில்லாதவர் எடுத்த வகுப்பில் யாராவது உட்கார்ந்திருந்தால், அவர்களுக்கு அந்த மணி நேரம் கணக்கிலேயே சேராது. காசு கட்டி, விடுப்பு எடுத்து வருகிறவர்களுக்கு அப்படி ஒரு கதி என்னால் வந்திருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது.

யூஸ்பேப் என்பது அமெரிக்க மதிப்பீட்டாளர்களின் விதிப் புத்தகம். 1980களில் இங்கே சேமிப்பு வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்தன. சொத்துகளுக்கு இஷ்டத்துக்குப் போட்ட மதிப்பும் அதற்கு ஒரு காரணம். 1989இல் வந்த சட்டம் மதிப்பீட்டாளர்களை மாநில லைசென்ஸுக்குள் கொண்டுவந்தது. 1987இலேயே தொடங்கியிருந்த அப்ரைசல் ஃபவுண்டேஷனின் கீழ் இரண்டு வாரியங்கள் இருக்கின்றன. ஒன்று விதிகளை எழுதுகிறது. இன்னொன்றான ஏ.க்யூ.பி., யாருக்கு என்ன தகுதி வேண்டும் என்று சொல்கிறது.

அடிப்படைக் கோட்பாடு, ஒப்பீட்டு முறை, செலவு முறை போன்ற மற்ற பாடங்களை யார் எடுக்கலாம் என்பதற்கு அந்தந்த மாநில வாரியத்தின் விதியைப் பார்க்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். யூஸ்பேப்புக்கு மட்டும் நாடு முழுக்க ஒரே விதி. புதிதாக வருகிறவர்களுக்கான 15 மணி நேரப் பாடமானாலும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் படிக்க வேண்டிய 7 மணி நேரப் பாடமானாலும், ஏ.க்யூ.பி. சான்று பெற்ற ஆசிரியர்தான் எடுக்க வேண்டும். அவர் கையில் வீடுகளுக்கான சர்டிஃபைட் ரெசிடென்ஷியல் அல்லது எல்லா வகைச் சொத்துக்குமான சர்டிஃபைட் ஜெனரல் லைசென்ஸ் நடப்பில் இருக்க வேண்டும், அதன் மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இருக்கக் கூடாது. லைசென்ஸ்டு என்ற கீழ்ப்படியில் இருப்பவர் எவ்வளவு அனுபவசாலியானாலும் முடியாது. நான் சர்டிஃபைட் ரெசிடென்ஷியல். 200 மணி நேரப் படிப்பும் 1,500 மணி நேர வேலை அனுபவமும் காட்டி வாங்கியது. அதனால் வாசல்வரை வந்துவிட்டேன். உள்ளே போக ஆசிரியர் பயிற்சியும் தேர்வும் மிச்சம் இருந்தன.

தயாராக உட்கார்ந்தபோது முதல் அடி விழுந்தது. ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் ஆதாரங்களைச் சேர்த்து வைக்கும் வேலைக் கோப்பை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்? ஐந்து வருடம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். புத்தகத்தைத் திறந்தால் அது பாதி விடைதான். அறிக்கை தயாரித்ததிலிருந்து குறைந்தது ஐந்து வருடம், அல்லது அந்த வேலை தொடர்பாக நாம் சாட்சி சொன்ன வழக்கு முழுமையாக முடிந்ததிலிருந்து குறைந்தது இரண்டு வருடம், இதில் எது கடைசியில் முடிகிறதோ அதுவரை. 2016 மார்ச்சில் எழுதிய அறிக்கைக்கு 2019இல் சாட்சி சொல்லி, வழக்கு 2020 அக்டோபரில் முடிந்தால், 2021இல் கோப்பைக் கிழிக்கக் கூடாது. 2022 அக்டோபர்வரை அது அலமாரியில் இருக்க வேண்டும். நான் நீதிமன்றப் படி ஏறாதவன் என்பதால் பாதி விடையே எனக்கு இத்தனை வருடம் போதுமானதாக இருந்தது. எதிரில் உட்காரும் மாணவர் நாளைக்கே சாட்சிக் கூண்டில் நிற்கலாமே.

அன்றிலிருந்து படிக்கும் முறையை மாற்றினேன். ஒரு நோட்டில் இடப்பக்கம் ‘நாம் செய்வது’, வலப்பக்கம் ‘புத்தகம் சொல்வது’. நான் விதி என்று நினைத்திருந்த பல விஷயங்கள் வங்கிகளின் நிபந்தனை. சில, என்னைப் பழக்கிய மேற்பார்வையாளரின் வழக்கம். சில, விதி எழுதும் வாரியமே தரும் ஆலோசனைக் கருத்துகளில் வருபவை. அவை விதியை விளக்குமே தவிர, புது விதி போடாது. விதியையும் சேர்த்து இந்த நான்கையும் பிரித்துச் சொல்லத் தெரியாமல் வகுப்பு எடுக்கவே கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். தேர்விலும் எனக்குக் கைகொடுத்தது அந்த நோட்டுதான்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விதிகளோடு, வகுப்பை எப்படி நடத்துவது என்பதையும் பார்க்கிறார்கள். சான்று வாழ்நாளுக்கும் செல்லாது, புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாநில வாரியம் ஒப்புக்கொண்டால், நம்முடைய தொடர்கல்வி மணி நேரத்தில் பாதிவரை கற்பித்தலைக் கொண்டே ஈடுகட்டலாம். விண்ணப்பிக்கும் முன் லைசென்ஸ் காலாவதித் தேதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நடுவில் அது முடிந்தால் வீண் அலைச்சல்.

என் முதல் வகுப்பு 2024 பதிப்பை வைத்து. நன்னெறி விதியில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற பகுதி புதிதாகச் சேர்ந்த பதிப்பு அது. அதற்குத்தான் நிறையக் கேள்வி வரும் என்று விழுந்து விழுந்து தயாரித்திருந்தேன். ஆனால் மதிய இடைவேளையில் பயிற்சியில் இருந்த ஒரு தமிழ்ப் பையன் வந்தான். “அண்ணா, போன வருஷம் நாங்க வீடு வாங்கினப்ப அப்ரைசலுக்குக் காசு கட்டினது நான். ரிப்போர்ட் காப்பியும் என்கிட்ட இருக்கு. அப்ப நான்தானே கிளையண்ட்?”

பல வருடமாக வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று என்னிடம் கேட்ட கேள்விதான். “பேங்க்கில் கேளுங்கள்” என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். அன்று புத்தகத்தை எடுத்து வரையறைப் பக்கத்தை அவன் முன்னால் விரித்து வைத்தேன். வேலையை ஒப்படைத்தவர்தான் கிளையண்ட், இங்கே அது வங்கி. காசு யார் பையிலிருந்து போனது என்பதால் அது மாறாது. பிரதி கையில் இருப்பதால் மட்டும் அறிக்கையின் உத்தேசப் பயனராகவும், அதாவது அறிக்கை யார் பயன்படுத்த என்று எழுதப்பட்டதோ அவராகவும், ஆகிவிட முடியாது. அவன் இரண்டு தடவை படித்தான்.

“அப்ப நாளைக்கு ஒரு வீட்டுக்காரர் என்னை இதே கேட்டா, என்ன சொல்லணும்ணா?”

இடைவேளை முடிந்ததும் அந்தக் கேள்வியைப் பலகையில் எழுதித்தான் வகுப்பைத் தொடர்ந்தேன்.