மலை விட்டுக்கொடுத்த இடம்

திருப்பூர் பனியன் பெட்டிகளைக் கொச்சித் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நான் வெகுகாலம் பார்த்த வேலை. தொழில் கற்றுக்கொடுத்த மூத்த டிரைவர் வழி சொன்ன விதம் இன்றும் காதில் இருக்கிறது. "பல்லடம் தாண்டினால் மேற்கே பார், தம்பி. வலது பக்கம் வெள்ளியங்கிரி, இடது பக்கம் ஆனைமலை, நடுவே மலையே இல்லாமல் வானம் தரையைத் தொடும். அங்கேதான் நாம் போகிறோம்."

அவர் சொன்னது பாலக்காட்டுக் கணவாயை. வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் எழுந்து நிற்க, இடையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் அப்படியே படுத்துவிடுகிறது. கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூடக் கிடையாது. லோடு வண்டி மூச்சு வாங்காமல் மலையாள நாட்டுக்குள் இறங்கிவிடும்.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் போனவர்களுக்கும் இதுதான் வாசல். நொய்யல் கரையில் சென்னிமலைக்கு மேற்கே இருக்கும் கொடுமணலில் கல்மணி கோத்தார்கள், இரும்பு உருக்கினார்கள். பதிற்றுப்பத்து அந்த ஊரைக் கொடுமணம் என்கிறது. காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் எடுத்தார்கள். சரக்கு சேர நாட்டுக் கடற்கரைத் துறைமுகமான முசிறிக்குப் போனது, ரோமானியக் காசு இந்தப் பக்கம் வந்தது. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் புதையலாகவே கிடைத்திருக்கின்றன.

கொடுமணல், வெள்ளலூர் இரண்டுமே நொய்யல் கரை ஊர்கள். வண்டி மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும், ஆகவே ஆற்றை ஒட்டியே போயிருப்பார்கள். ஆனால் ஆற்றை நம்பியே கடைசிவரை போனால் வெள்ளியங்கிரிச் சுவரில் போய் முட்ட வேண்டியதுதான். நொய்யல் பிறப்பதே அங்கேதான். எங்கேயோ ஓரிடத்தில் ஆற்றை விட்டுத் தென்மேற்கே திரும்பியாக வேண்டும். திரும்பும் திசையைக் காட்டியது அந்த வெற்று வானமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. கல்வெட்டு ஆதாரம் கேட்காதீர்கள், ஸ்டீயரிங் பிடித்தவன் கணக்கு இது.

கல்வெட்டும் ஒன்று இருக்கிறது. கோவைக்குத் தென்மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம், ஒரு குன்றின் பாறையில் தமிழிலும் வட்டெழுத்திலும் சோழனை வாழ்த்தி ஒரு வெண்பா, கூடவே 'இராசகேசரிப் பெருவழி' என்ற பெயர். ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. பெயர் மட்டும்தான் அரசனுடையது என்பேன். வண்டித் தடம் அதற்கு வெகு முன்பே அங்கே விழுந்திருக்கும். 1862-இல் போத்தனூரிலிருந்து மேற்கே ரயில் ஓடத் தொடங்கியதும் இதே இடைவெளியில்தான்.

கண்ணுக்கு மட்டுமல்ல, உடம்புக்கும் தெரியும் கணவாய் இது. ஆனி, ஆடியில் கடல் காற்று முழுவதும் அந்த வாய்க்குள் நெருக்கிக்கொண்டு நுழைந்து நம் பக்கம் பாயும். எட்டிமடை தாண்டும்போதே முகப்புக் கண்ணாடியில் சாரல் தட்டும். அதற்கு முன்பே வண்டியை ஓரங்கட்டி, தார்ப்பாய்க் கயிற்றை இன்னொரு சுற்று இழுத்துக் கட்டுவோம். கட்டாத கிளீனருக்கு அன்றைக்கு டீ கிடையாது. உடுமலை, பல்லடம் காடுகளில் இன்று சுழலும் காற்றாலைகளுக்கும் தீனி இந்தக் காற்றுதான்.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கோடையில் வராதீர்கள், புழுதியில் மலையே தெரியாது. ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை, பல்லடத்துக்கு மேற்கே மேட்டு நிலமாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். எட்டு மணிக்குள் வந்துவிட வேண்டும். பிறகு மேகம் இறங்கிவிடும்.