டிங்கிள்: ஃபங்கி இல்லாத துறைமுகம்

முதலில் டாக்ஸிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அயர்லாந்தில் டப்ளினிலிருந்து ட்ரலீ வரை ரயில். அங்கிருந்து டிங்கிள் என்ற கடலோர ஊர் சுமார் 50 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு என்பதை நான் பார்க்காமல் விட்டுவிட்டேன், அடுத்த பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. வாசலில் நின்ற டாக்ஸிக்காரர் 90 யூரோ என்று ஏற்றிக்கொண்டு, இறங்கும்போது 120 கேட்டார். மலைப்பாதையாம், திரும்பும்போது ஆள் கிடைக்காதாம். "குடுத்துருங்க, வந்த இடத்துல சண்டை வேணாம்" என்றாள் மனைவி. கொடுத்தேன். இரண்டு நாள் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய காசு அது. டிங்கிள் போகிறவர்கள் பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுங்கள்.

இத்தனைக்கும் நாங்கள் போனது இப்போது அங்கே இல்லாத ஒரு டால்பினுக்காக.

1983-இல் டிங்கிள் துறைமுகத்தின் வாயில் ஒற்றை டால்பின் ஒன்று படகுகளோடு நீந்தி வருவதைக் கலங்கரை விளக்கக் காவலர் பேடி ஃபெரிட்டர் கவனித்தார். மீனவர்கள் அதற்கு வைத்த பெயர் ஃபங்கி. டால்பின்கள் கூட்டமாக வாழ்பவை. இந்த ஆண் டால்பின் மட்டும் 37 வருடம் அந்த ஒரே இடத்தைச் சுற்றி வந்தது. வலை கட்டி யாரும் அடைக்கவில்லை. வாயைத் தாண்டினால் அட்லாண்டிக், நினைத்த அன்றைக்குப் போயிருக்கலாம். தானே மீன் பிடித்துத் தின்றது, படகுச் சத்தம் கேட்டால் தானே வந்தது. காட்சிசாலைத் தொட்டியில் பந்து தட்டும் டால்பினைக் காசு கொடுத்துப் பார்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. இந்த ஊரைப் பார்த்த பிறகு அது கூடிவிட்டது.

ஃபங்கி கண்ணில் படாவிட்டால் காசு வேண்டாம் என்று சொல்லித்தான் படகுக்காரர்கள் ஆள் ஏற்றினார்கள். எத்தனை நம்பிக்கை இருந்தால் அப்படிச் சொல்ல வரும்! தனியாக வாழும் டால்பின்களில் உலகிலேயே நீண்ட காலம் இருந்தது இதுதான் என்று 2019-இல் கின்னஸ் அறிவித்தது. அடுத்த வருடம் அக்டோபரில் காணவில்லை. படகுகள் தேடின, முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை.

நாங்கள் தங்கிய வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். இளவயதில் ரப்பர் உடை மாட்டிக்கொண்டு ஃபங்கியோடு நீந்தியவர். காலைச் சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லும்போது "அவன் வருவான், நம்ம கண்ணைப் பார்ப்பான், போயிடுவான்" என்றார். அந்த 'வருவான்' எங்கள் இருவருக்கும் தொண்டையை அடைத்தது.

மழை விட்டதும் கரையோரமாகக் கலங்கரை விளக்கம் வரை நடந்தோம். வழி சேறு, நல்ல ஷூ இல்லாமல் போகாதீர்கள். எதிர்க்கரைக் குன்றின் மேல் ஈஸ்க் கோபுரம் தெரிந்தது, 1847 பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கட்டியது. துறைமுகத்தின் வாய் நான் நினைத்ததைவிடக் குறுகல். கரையில் நின்றபடியே ஃபங்கியைப் பார்த்திருக்க முடியும், ஒரு காசு செலவில்லாமல். முன்பே வராமல் போனோமே என்று இருந்தது. ஒரு மணி நேரம் நின்றோம். ஒரு கடல்நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முழுகியது.

திரும்பி வந்து சாப்பிட்ட சவுடரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பால், வெண்ணெய், உருளைக்கிழங்கு, மட்டி, புகையூட்டிய மீன் எல்லாம் கொதித்த கெட்டிச் சூப். கூடவே கருப்பு ரொட்டி, உப்பு வெண்ணெய். ஆளுக்கு 12 யூரோ. அந்தக் குளிரில் அதற்கு இணை கிடையாது, இரண்டாவது கிண்ணமும் வாங்கினோம்.

மாலையில் துறைமுக முகப்பில் ஃபங்கியின் வெண்கலச் சிலையைப் பார்க்கப் போனோம். ஐந்து வயதிருக்கும் ஒரு சிறுமி அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தாள். ஃபங்கி காணாமல் போனபோது அவள் பிறந்தேகூட இருக்க மாட்டாள். இறங்கு என்று அவள் அப்பா மூன்று முறை கூப்பிட்டும் அவள் இறங்கவில்லை.

திரும்பும்போது பஸ்தான். ஸ்லீ ஹெட் கடலோரப் பாதை பாக்கி இருக்கிறது, மே மாதம் மறுபடி போகிறோம்.