துரும்பு மாறும்போது

மட்டக்களப்புக் கல்லடியில் பின்னேரங்களில் ‘முந்நூற்று நாலு’ என்ற சீட்டாட்டம் ஆடுபவர்களைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும். கேள்வியில், அதாவது ஏலத்தில், வென்றவர் துரும்பை, அந்தக் கையில் மற்றவற்றை வெல்லும் இனத்தின் சீட்டை, கவிழ்த்து வைக்கிறார். கை முடிந்ததும் அந்தத் துரும்புக்கு மதிப்பில்லை. அடுத்த கையில் வேறொன்று துரும்பாகும்போது பழையதை மனத்திலிருந்து இறக்கிவிட வேண்டும். இந்த இறக்கி ஏற்றும் வேலையில் பெரும்பங்கு நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதியான முன்நெற்றிப் புறணிக்கு உரியது.

இதை அளக்க 1948 இல் வெளிவந்தது விஸ்கான்சின் சீட்டுப் பிரிப்புச் சோதனை. சீட்டுகளை நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றில் எதைக் கொண்டு பிரிப்பது என்று சொல்லமாட்டார்கள். ‘சரி’, ‘பிழை’ என்ற பதிலிலிருந்தே ஊகிக்க வேண்டும். தொடர்ந்து பத்து முறை சரியாக வைத்ததும், அறிவிக்காமலே விதி மாறிவிடும். வலிப்பு நோய்க்காக, முன்நெற்றிப் புறணியை உள்ளடக்கிய நெற்றிமடலின் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்களை 1963 இல் நரம்புளவியலாளர் பிரெண்டா மில்னர் இப்படிச் சோதித்தபோது, ‘பிழை’ என்று திரும்பத் திரும்பக் கேட்டும் அவர்கள் பழைய விதியின்படியே சீட்டை வைத்தார்கள்.

தலையில் அடிபட்டு வீடு திரும்பியவர் ஒரே செயலைத் தொடர்ந்து செய்தால், நம் ஊரில் அதைப் பிடிவாதம் என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பெயர் நியாயமானது என்று எனக்குத் தோன்றவில்லை.

பழைய விதியிலிருந்து விடுபடுவதிலும் வகையுண்டு என்பதை 1996 இல் டயஸ், ராபின்ஸ், ராபர்ட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் மார்மொசெட் குரங்குகளில் காட்டினார்கள். வடிவங்களும் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையப்பட்ட படங்களில், இதுவரை வடிவத்தைப் பார்த்துத் தெரிவுசெய்த குரங்கு இனிக் கோட்டைப் பார்க்க வேண்டும் என்றால், முன்நெற்றிப் புறணியின் பக்கப்பகுதி பழுதான குரங்குகள் தடுமாறின. கண்குழிக்கு மேலுள்ள பகுதி பழுதானவை அந்த மாற்றத்தைச் சமாளித்தன. ஆனால் நேற்றுப் பரிசு தந்த வடிவம் இன்று தராது, மற்றதுதான் தரும் என்ற தலைகீழ் மாற்றத்தில் சிக்கிக்கொண்டன. எதைக் கவனிப்பது என்பதை மாற்றுவதும், கவனித்த பொருளின் மதிப்பை மாற்றுவதும் வெவ்வேறு இடங்களைச் சார்ந்தவை.

பழுதில்லாத மூளையும் இதை இலவசமாகச் செய்வதில்லை. கூட்டலையும் கழித்தலையும் மாறி மாறிச் செய்தால் ஒன்றை மட்டும் தொடர்ந்து செய்வதைவிட நேரம் கூடுவதை உளவியலாளர் ஆர்தர் ஜெர்சில்ட் 1927 இலேயே அளந்திருந்தார். இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கும் முன்நெற்றிப் புறணியிடம், புத்தகத்துக்கும் கைத்தொலைபேசிக்கும் இடையே ஓயாமல் தாவச் சொல்கிறார்கள் நம் பிள்ளைகள்.

ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். பார்க்கின்சன் நோயாளர்களும் சீட்டுப் பிரிப்புச் சோதனையில் தடுமாறுவதுண்டு. புறணியோடு பின்னிப் பிணைந்து இயங்கும், மூளையின் ஆழத்திலுள்ள நரம்பணுத் திரள்களான கருக்களும் இவ்வேலையில் பங்கேற்பதால், தவறிய எவருக்கும் நெற்றிமடலில்தான் பழுது என்று அச்சோதனையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.